முகத்தில் குத்திய மை எங்கே போகிறது?

சென்னையிலோ கோவையிலோ ஓரளவு பெரிய பியூட்டி பார்லருக்குள் நுழைந்தால், விலைப்பட்டியலில் ஃபேஷியலுக்கும் த்ரெடிங்குக்கும் கீழே சில புதிய வரிகள் சேர்ந்திருப்பதைப் பார்க்கலாம்: மைக்ரோபிளேடிங், ஓம்ப்ரே பிரவ், லிப் பிளஷ், பெர்மனென்ட் ஐலைனர், பிபி குளோ. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் செமி பெர்மனென்ட் மேக்கப். முகம் கழுவினால் போகாது, வியர்வையில் கரையாது, காலையில் கண்ணாடி முன் நிற்கும் நேரம் மிச்சம். ஆயுளுக்கும் நிற்காது, ஓரிரு ஆண்டில் தானாக மங்கிவிடும், பிடிக்காவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். விற்பவர்கள் தரும் வாக்கு இது. இதன் முதல் பாதியில் பெரிய சந்தேகம் எதுவும் இல்லை. பிரச்சினை இரண்டாம் பாதியில்தான்.

பெயர் எதுவானாலும் செய்முறை பச்சை குத்துவதுதான். ஊசி தோலைத் துளைக்கிறது, மை உள்ளே இறங்குகிறது. கையில் குத்திக்கொள்ளும் டாட்டூவோடு ஒப்பிட்டால் ஊசி இறங்கும் ஆழம் குறைவு, மையின் செறிவும் குறைவு. அதனால் சீக்கிரம் மங்குகிறது. கையில் தவறாகிப்போனால் முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கலாம். முகத்துக்கு அந்த வசதி இல்லை.

புருவத்துக்கு வருகிறவரை முதலில் படுக்கவைத்து அளவெடுக்கிறார்கள். கொத்தனார் சாயநூல் அடிப்பது போல, மையில் தோய்த்த நூலை நெற்றியில் இழுத்துப் பிடித்துத் தட்டுகிறார்கள். மூக்கின் நடுக்கோடு, புருவம் தொடங்கும் இடம், வளையும் இடம், முடியும் இடம் எனக் கோடுகள் விழுகின்றன. பிறகு மரப்பு க்ரீம் தடவி அரைமணி நேரம் காத்திருப்பு. மைக்ரோபிளேடிங் என்றால் பேனா போன்ற ஒரு பிடி. அதன் நுனியில் நுண்ணூசிகள் ஒரே வரிசையில், சாய்ந்த கத்திமுனை போல நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கும். தோலை இரு விரலால் விரித்துப் பிடித்து, இயற்கையான முடி எந்தத் திசையில் படுத்திருக்கிறதோ அந்தத் திசையில் கீறுகிறார்கள். ஒரு கீறல், ஒரு முடி. சரசரவென்று மெல்லிய ஓசை வரும். ஒரு பக்கம் முடிந்ததும் மேலே மையைப் பூசி ஊறவிட்டுத் துடைக்கிறார்கள். ஓம்ப்ரே, பவுடர் பிரவ் ஆகியவற்றில் கீறல் கிடையாது. மெஷின் ஊசி புள்ளி புள்ளியாகக் குத்தி நிழல்போல நிரப்பும். இரண்டு மூன்று மணி நேர வேலை.

வீட்டுக்குப் போகும்போது புருவம் கருகருவென்று இருக்கும். அடுத்த சில நாளில் பொருக்கு கட்டும். அதைப் பிய்த்தால் நிறமும் சேர்ந்து வந்துவிடும் என்பதால் தானாக உதிரும்வரை கை வைக்கக் கூடாது. உதிர்ந்தபின் போட்ட பணமெல்லாம் போயிற்றோ என்று பயம் வருகிற அளவுக்கு வெளிறிக் கிடக்கும். ஒரு மாதத்தில் நிறம் மெல்ல மேலே தெரியவரும். ஆறு முதல் எட்டு வாரத்தில் டச்-அப். கல்யாணப் பெண்கள் முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஓடிவருவது எவ்வளவு தப்பான கணக்கு என்பது இதிலிருந்தே புரியும். பொருக்கும் வெளிறலும் சரியாக ரிசப்ஷன் போட்டோவில்தான் விழும்.

தோலின் மேலடுக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தில் முழுதும் புதுப்பித்துக்கொள்கிறது. மை அங்கே மட்டும் இருந்திருந்தால் மருதாணியைப் போலச் சில வாரத்தில் உதிர்ந்திருக்கும். ஓராண்டு, ஈராண்டு நிற்கிறதென்றால் அது அடுத்த அடுக்குக்கு, ரத்தநாளங்களும் நரம்பு நுனிகளும் உள்ள உட்தோலுக்கு, இறங்கிவிட்டது என்று பொருள். அங்கே உடலின் காவல் செல்களான மேக்ரோஃபேஜ்கள் மைத்துகளை அந்நியப் பொருளாக எண்ணி விழுங்குகின்றன. விழுங்கினாலும் செரிக்க முடிவதில்லை. பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் 2018-ல் எலிகளில் காட்டியது சுவாரசியமானது: மையை விழுங்கிய செல் இறக்கும்போது துகள்கள் வெளியே கொட்டுகின்றன, பக்கத்தில் புதிதாக வரும் செல் அவற்றை மறுபடி விழுங்கிக்கொள்கிறது. டாட்டூ நிலைப்பதற்கு இந்தக் கைமாற்றம் முக்கியமான காரணம்.

அப்படியானால் மங்குவது எப்படி? கொஞ்சம் நிறமி வெயிலில் சிதைகிறது. கொஞ்சம் நிணநீர் வழியே நகர்ந்து அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளில் போய்ச் சேர்கிறது. டாட்டூ குத்தியவர்களின் நிணநீர் முடிச்சுகள் நிறமேறிக் கிடப்பதை அறுவை மருத்துவர்கள் வெகுகாலமாகப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மன் ஆய்வாளர்கள் பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் கதிர்க்கூடத்தின் உதவியோடு அந்த முடிச்சுகளில் டைட்டானியம் டையாக்சைடு உள்ளிட்ட நிறமிகளின் நுண்துகள்களைக் கண்டு 2017-ல் வெளியிட்டார்கள். இதனால் நோய் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்கு மறைந்த மையெல்லாம் உடலை விட்டு வெளியேறிவிட்டது என்ற எண்ணம் தவறு. அதில் ஒரு பகுதி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. எஞ்சியது அதே இடத்தில் ஒரு மங்கல் நிழலாகப் பல ஆண்டு இருக்கும். அந்த நிழலின் மேல்தான் அடுத்த டச்-அப், அதன் மேல் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் தோலுக்குள் சரக்கு கூடுகிறது.

அந்த நிழல் என்ன நிறமாக இருக்கும் என்பது அடுத்த கேள்வி. நம் பாட்டிமார் முன்கையில் இருந்த பச்சையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறத்தி குத்தியது விளக்குக்கரி, கறுப்பு. தெரிவதோ நீலம் கலந்த பச்சை. கரித்துகள் உட்தோலில் இருக்கும்போது அதற்கு மேலுள்ள தோல் நீல ஒளியை அதிகம் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது; சிவப்பு உள்ளே போய் உறிஞ்சப்படுகிறது. பார்லரில் கரி அடிப்படையிலான மையை ஆழமாகக் குத்திவிட்டால் புருவத்துக்கும் இதே கதிதான்: அடர்பழுப்பாகத் தொடங்கிச் சாம்பல் நீலமாக முடியும். இரும்பு ஆக்சைடு மைகள் வேறு விதம். பழுப்பு என்று புட்டியில் எழுதியிருப்பது கறுப்பு, மஞ்சள், சிவப்பு நிறமிகளின் கலவை. மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. கடைசியில் செங்கல் நிறம் மிஞ்சுவது உண்டு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ‘கரெக்‌ஷன்’ என்று தனிக் கட்டணத்தில் ஒரு சேவையே நடக்கிறது. ‘ஆர்கானிக் மை’, ‘ஹெர்பல் மை’ என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். வேதியியலில் ஆர்கானிக் என்றால் கார்பன் சேர்மம். செயற்கையான அசோ சாயங்களும் அந்த வகையே. கீரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெயர் சொல்லாமல் விற்பது இத்துறையில் பழைய பழக்கம். லண்டனில் புகழ்பெற்ற டாட்டூக் கலைஞராக இருந்த ஜார்ஜ் பர்ச்செட் (1872–1953) தம் நினைவுக் குறிப்புகளில் அந்தக் காலத்து அழகு நிலையங்களைப் பற்றிச் சொல்கிறார்: மேனிநிறச் சிகிச்சை என்ற பெயரில் பெண்களின் கன்னத்தில் சாயத்தைக் குத்தினார்களாம், அது டாட்டூ என்பதே பல பெண்களுக்குத் தெரியாதாம். இன்று பிபி குளோ என்ற பெயரில் ஃபவுண்டேஷன் நிறத்தை நுண்ணூசி கொண்டு முகம் முழுக்க ஏற்றுகிறார்கள். அதையும் ஃபேஷியல் வரிசையில்தான் போடுகிறார்கள். புருவமாவது இரண்டு அங்குல விஷயம். முகம் முழுவதும் நிறமியை ஏற்றிக்கொள்வதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. கண்ணிமைக் கோடு மருத்துவச் சஞ்சிகைக்குள் வந்தது 1984-ல். லாஸ் வேகஸைச் சேர்ந்த கியோரா ஆங்க்ரஸ் என்ற கண் மருத்துவர் இமையோரத்தில் நிறமி பதிக்கும் முறையைப் பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் எழுதினார். கை நடுங்கும் முதியவர்கள், பார்வை மங்கியவர்கள், மேக்கப் பொருள் ஒவ்வாதவர்கள் ஆகியோருக்கு அது உதவியது.

இந்த முறையை முழுக்க நிராகரிக்க முடியாததற்குக் காரணமும் இப்படிப்பட்டவர்கள்தான். புருவம் என்பது வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் வேலூர்க் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1940-களின் இறுதியிலிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்துப் புகழ்பெற்ற பால் பிராண்ட், புருவத்துக்கும் அறுவை செய்தார். தொழுநோயில் புருவ முடி உதிர்ந்துபோகும். நோய் குணமாகிக் கிருமி இல்லாதபோதும், புருவமற்ற முகத்தைப் பார்த்தாலே ஊர் விலகியது, வேலை கிடைக்கவில்லை. எனவே தலைத்தோலில் ஒரு துண்டை அதன் ரத்தநாளத்தோடு சேர்த்து எடுத்து, நெற்றித் தோலுக்கு அடியில் சுரங்கம்போல் வழிசெய்து கொண்டுவந்து புருவ இடத்தில் பொருத்தினார்கள். அது தலைமுடியே ஆனதால் நீளமாக வளரும். அவ்வப்போது கத்தரித்துக்கொள்ள வேண்டும். ஒரு புருவத்துக்காக அவ்வளவு பெரிய அறுவை. அதற்கு அவ்வளவு தேவை இருந்தது.

இன்று கீமோதெரபியில் புருவம் இழந்தவர்கள், அலோபீசியா என்னும் முடியுதிர்வு நோய் உள்ளவர்கள், தீக்காயத் தழும்புள்ளவர்கள், பிளவுபட்ட உதட்டுக்கு அறுவை செய்த வடு உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த ஊசி பெரிய ஆறுதல். கீமோ நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் கூடாது. எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும் அந்த நாட்களில் சிறு கீறலும் ஆபத்து. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் மறுசீரமைத்த மார்பில் காம்பும் வட்டமும் வரைவது உலகெங்கும் நடக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் வின்னி மையர்ஸ் என்ற டாட்டூக் கலைஞர் நிழல்வண்ண உத்தியால் அதை முப்பரிமாணமாகத் தோன்றச் செய்து பெயர்பெற்றார். நம் நாட்டுத் தோல் மருத்துவர்களுக்கு நெருக்கமானது உதட்டு வெண்புள்ளி. தோலின் மற்ற இடங்களில் மருந்தோ ஒளிச்சிகிச்சையோ கொடுத்தால் முடிவேரிலுள்ள நிறச்செல்கள் மேலே பரவி இடத்தை நிரப்பும். உதட்டின் சிவந்த பகுதியில் முடிவேரே கிடையாது. அதனால் அங்கே மருந்து எளிதில் எடுபடாது. அப்படிப்பட்டவர்களுக்கு நிறமி குத்துவது ஒரு வழி. அதற்கும் நிபந்தனை உண்டு: புள்ளி பரவாமல் குறைந்தது ஓராண்டு நின்றிருக்க வேண்டும்.

அந்த நிபந்தனை ஏன் என்பதைப் பார்லரில் யாரும் கேட்பதில்லை. வெண்புள்ளி, சொரியாசிஸ், லைக்கன் பிளேனஸ் போன்ற நோய்கள் உள்ள சிலருக்குத் தோலில் எங்கே கீறல் பட்டாலும் அங்கே புதிதாக நோய் முளைக்கும். கோப்னர் விளைவு என்பார்கள். வெண்புள்ளி உள்ள ஒரு பெண்ணின் புருவத்தில் வரிசையாகக் கீறுவது, நோய்க்கு வழிபோட்டுக் கொடுப்பதாக முடியலாம். இன்னொன்று கீலாய்டு. காது குத்திய இடத்திலோ அம்மைத் தடுப்பூசி போட்ட இடத்திலோ புடைத்த தழும்பு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. கருமை கூடிய தோலில் கீலாய்டு அதிகம் வரும். மூன்றாவது, காயம் ஆறிய இடம் கறுத்துப்போகும் இயல்பு. பரு கிள்ளினால் கறுப்புப் புள்ளி பல மாதம் நிற்கும் முகங்கள் நமக்குச் சகஜம்.

நம் ஊரில் அதிகம் விலைபோவதும் அதிகம் ஏமாற்றுவதும் உதடுதான் என்று நினைக்கிறேன். கருத்த உதட்டை ஆரஞ்சு நிறமியால் ‘நியூட்ரலைஸ்’ செய்து பிறகு இளஞ்சிவப்பு ஏற்றுவதாகச் சொல்கிறார்கள். பிறவியிலேயே கருத்த உதடு நோயல்ல. அதை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. பிற்பாடு கறுத்த உதடென்றால் காரணம் தேட வேண்டும்: புகை, லிப்ஸ்டிக் அல்லது பற்பசை ஒவ்வாமை, சில மாத்திரைகள், லைக்கன் பிளேனஸ். காரணம் இருக்கும்போது மேலே நிறம் குத்தினால் கருமை கூடவே செய்யும். உதட்டோரத்தில் அவ்வப்போது கொப்புளம் போடும் ஹெர்பீஸ் உள்ளவர்களுக்கு இந்த ஊசி அதைக் கிளப்பிவிடும். முன்கூட்டியே மருத்துவரிடம் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

தொற்றும் ஒவ்வாமையும் எவ்வளவு நிஜம் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் பதிவில் உள்ளன. 2003, 2004 ஆண்டுகளில் அமெரிக்காவில் குறிப்பிட்ட ஒரே நிறுவனத்தின் மைகளால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு வீக்கம், வெடிப்பு, முடிச்சு, தழும்பு என்று புகார்கள் குவிந்தன; மைகள் திரும்பப் பெறப்பட்டன. பலருக்கு அவதி மாதக்கணக்கில் நீடித்தது. 2009-ல் சுவிட்சர்லாந்தில் ஒரே கலைஞரிடம் புருவம் செய்துகொண்ட 12 பேருக்குக் காசநோய்க் கிருமியின் உறவினமான ஒரு மைக்கோபாக்டீரியம் தொற்றிப் புருவத்தில் கட்டிகள் வந்தன. சாதாரணச் சீழ்க்கட்டிபோல மறுநாள் தெரியாது. வாரங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். ஒவ்வாமையும் அப்படியே. முன்தினம் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்பது முழு உத்தரவாதம் ஆகாது. மைக்கு எதிரான முடிச்சுகள் ஆண்டுகள் கழித்தும் வருவதுண்டு.

மரப்பு க்ரீமையும் சொல்ல வேண்டும். டாட்டூ, மைக்ரோபிளேடிங் போன்றவற்றுக்கென்று ஆன்லைனில் கிடைக்கும் சில க்ரீம்களில் லிடோகெய்ன் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 மார்ச்சில் எச்சரித்தது. தோலில் பூச மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் க்ரீமில் அது 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். மாறாக, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இந்த மை சுட்டுவிடும் என்ற பயம் மிகைப்படுத்தப்பட்டது. முகத்தில் இப்படி மை உள்ள 135 பேர் ஸ்கேன் எடுத்துக்கொண்ட அனுபவத்தை ஓர் அமெரிக்க ஆய்வு 2002-ல் தொகுத்தது. லேசான எரிச்சலோ கூச்சமோ உணர்ந்தவர்கள் 2 பேர் மட்டுமே. ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிட்டால் போதும். இந்தியாவில் ரத்ததானம் செய்பவர்கள் டாட்டூ போல இதற்குப் பிறகும் 12 மாதம் காத்திருக்க வேண்டும்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. தென்கொரியா இந்த ஒப்பனையில் உலகுக்கே முன்னோடி. வேடிக்கை என்னவென்றால் 1992-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் டாட்டூ குத்துவது மருத்துவச் செயல் என்று தீர்ப்பளித்ததால், மருத்துவர் அல்லாதவர் செய்தால் குற்றம். முப்பது ஆண்டுக்கு மேலாக அந்தத் தொழில் முழுதும் சட்டத்துக்கு வெளியே நின்றே வளர்ந்தது. 2025 செப்டம்பரில்தான் தேர்வும் உரிமமும் கொண்டு டாட்டூக் கலைஞர்களை அங்கீகரிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நடைமுறைக்கு வர இரண்டாண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டமே இதைத் தனியாகக் குறிப்பிட்டு உள்ளாட்சிப் பதிவின்கீழ் கொண்டுவந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளிலும் இந்த ஒப்பனை மைகளிலும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களுக்கு வரம்பு விதித்தது. அமெரிக்க எஃப்.டி.ஏ.வோ, அழகுக்காகத் தோலுக்குள் செலுத்தவென்று எந்த நிறமிக்கும் இதுவரை அனுமதி கொடுத்ததே இல்லை.

இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. இரண்டு மூன்று நாள் வகுப்பில் சேர்ந்து, லேட்டக்ஸ் தோலில் பழகி, சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுக் கடை திறக்க முடிகிறது. 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளந்து நிறமேற்றிய ஒரு டாட்டூக் கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது, இருவர் கைதானார்கள். அது செய்தியானதால் நடந்த நடவடிக்கை. கீறல் கொஞ்சம் ஆழமாக விழுந்து சாம்பல் புருவத்தோடு வீட்டில் முடங்கும் பெண்ணைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. பார்லர் தொழிலுக்கு வாங்கும் உரிமத்தோடு இதைச் சேர்த்துக் கட்டக் கூடாது. தோலைத் துளைக்கும் வேலைக்குத் தனிப் பதிவும் கிருமிநீக்கச் சோதனையும் வேண்டும் என்பதே என் கட்சி.

பிடிக்காவிட்டால் லேசரில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். கையிலுள்ள கறுப்பு டாட்டூவுக்கு அது பொருந்தும். முக ஒப்பனை மைகளில் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் உண்டு. லேசர் பட்டதும் இவை வேதிமாற்றம் அடைந்து கணப்பொழுதில் கறுத்துவிடக்கூடும். தோல் மருத்துவர்கள் 1990-களிலேயே இதைப் பதிவு செய்துவிட்டார்கள். உதட்டில் ஏற்றிய இளஞ்சிவப்பு லேசருக்குப் பின் கறுப்பாவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறகு அந்தக் கறுப்பைக் கரைக்கப் பல அமர்வுகள். நம் தோலில் லேசரே வெண்தழும்பை விட்டுப் போகும் வாய்ப்பும் உண்டு. போடுவதற்கு ஆகும் செலவைவிட எடுப்பதற்கு ஆகும் செலவு அதிகம்.

நோயாலோ விபத்தாலோ புருவம் இழந்தவர்களுக்கும், நிலைத்துவிட்ட உதட்டு வெண்புள்ளி உள்ளவர்களுக்கும், தோல் மருத்துவரின் மேற்பார்வையில் இது நல்ல சிகிச்சை, தயங்க வேண்டாம். உள்ள புருவத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்க மட்டும் விரும்புகிறவர்கள் பென்சிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தொண்ணூறுகளில் நூல்போல மெலிந்த புருவம்தான் ஃபேஷன்; அன்று அதைக் குத்திக்கொண்டிருந்தால் இன்று என்ன செய்வது? வயது ஏற ஏறத் தோல் தளரும், குத்திய கோடும் அதோடு கீழே இறங்கும். இமையோரக் கோடும் உதட்டு நிறமாற்றமும் அழகுக்காக வேண்டவே வேண்டாம் என்பேன். இமையோரத்திலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பழுதானால் கண் வறட்சி வாழ்நாள் தொல்லை. கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், பருவுக்கு ஐசோட்ரெடினாயின் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் தள்ளியே இருக்க வேண்டும்.

அப்படியும் செய்துகொள்ளத்தான் போகிறீர்கள் என்றால், ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். மையைப் புட்டியிலிருந்து தனிக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்களா, மிச்சத்தைக் கொட்டுகிறார்களா என்று பாருங்கள். புட்டியின் லேபிளில் உள்ள பெயரையும் பேட்ச் எண்ணையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். சுவரிலும் இன்ஸ்டாகிராமிலும் மாட்டியிருக்கும் முன்–பின் படங்கள் பெரும்பாலும் வேலை முடிந்த அன்றைக்கே எடுத்தவை. உங்கள் நிறத்துத் தோல் உள்ள ஒருவரின் புருவம் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.